பார்க்காமல் எழுதிய சனிக்கிழமை

வசந்தா, ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பன் மகளுக்குக் கடிதம் எழுதுவது உனக்குச் சிரிப்பாகக்கூட இருக்கும். சிரித்துக்கொள். நேரில் சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்குக் கோபம் வந்துவிடும், நீ "சரிப்பா" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாய். பல வருஷமாக நமக்குள் அப்படித்தான் நடக்கிறது. அதனால்தான் காகிதம். நீயும் அம்மாவும் நிச்சயதார்த்தத்துக்கு உனக்குப் புடவையும் மாப்பிள்ளைக்கு வேட்டியும் எடுக்க உறையூர் போயிருக்கிறீர்கள். தறி வீட்டிலேயே உட்கார்ந்து பிரித்துப் பார்த்துத்தான் எடுப்பேன் என்று அம்மா சொன்னதால் எப்படியும் பொழுது சாய்ந்துதான் பஸ் ஏறுவீர்கள். இப்போது மணி இரண்டரை. கடையை இன்று நான் திறக்கவில்லை. காலையில் ஓரிடத்துக்குப் போய்விட்டு வந்தேன், அதைக் கடைசியில் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. இன்று புதன். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல், உனக்குச் சம்மதம் என்று நான் அவர்களிடம் சொல்லிவிட்டேன் என்பது உனக்குத் தெரியும். நான் சொன்னபோது நீ கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமையில் தொடங்காவிட்டால் அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

நம் டெலஸ்கோப் வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது மூன்று அங்குல வில்லை ஒன்று மூக்குக்கண்ணாடி வில்லைகளோடு கலந்து என் கடைக்கு வந்து சேர்ந்தது. மலைக்கோட்டைக்குக் கீழே கண்ணாடிக்கடை வைத்திருக்கிறவனுக்கு அந்த வில்லை என்ன என்று தெரியாமல் போகுமா? தகர வேலை செய்கிறவரிடம் குழாய் அடித்து, தச்சரிடம் கால் செய்து, மொட்டைமாடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். முதல் வாரமே தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. கண்ணாடிக்கடைக்காரர் அடுத்த வீட்டு முற்றத்தைப் பார்க்கிறார் என்று. உன் அம்மா தெருப் பெண்களை ஒவ்வொருவராக மாடிக்குக் கூட்டிவந்து சந்திரனைக் காட்டி என் மானத்தைக் காப்பாற்றினாள். அதற்குப் பிறகும் இரண்டு வீட்டில் மாலையானால் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

சந்திரனும் சனியும் எத்தனை நாள் அலுக்காமல் இருக்கும்? கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஒருநாள் கண்ணாடி மாற்ற வந்தவர், நான் இப்படி ஒன்று வைத்திருப்பதைக் கேட்டு, உருப்படியாக ஒரு வேலை தருகிறேன் என்றார். சில நட்சத்திரங்கள் ஒரே மாதிரி ஒளிராமல் ஏறி இறங்கும். பெரிய வானாய்வு நிலையங்களுக்கு அவற்றைத் தினமும் பார்க்க நேரமில்லை. உலகம் பூராவும் குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் வாத்தியார்களும் தங்கள் சின்னக் குழாய் வழியாகப் பார்த்து, பக்கத்தில் இருக்கிற அளவு தெரிந்த நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இதைவிடக் கொஞ்சம் மங்கல், அதைவிடக் கொஞ்சம் பிரகாசம் என்று எண் போட்டு அனுப்புகிறார்கள். அளவு எண் ஏற ஏற வெளிச்சம் குறைவு, அவ்வளவுதான் சூத்திரம். திருச்சியில் என்னைப் போல மூன்று பேர் எழுதியதைப் பேராசிரியர் மாதாமாதம் சேர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். பதினொன்று, பன்னிரண்டு வயதில் நீ எனக்கு எழுத்தர். சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நேரமும் எண்ணும் எழுதுவாய். ஒரு வருஷத்தில் எழுத்தர் பதவி போய் நீயே பார்க்க ஆரம்பித்தாய். என்னைவிட உனக்குக் கண் கூர்மை. இதை அன்று நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்று எழுதி வைக்கிறேன்.

அந்தப் பட்டியலில் ஒரு நட்சத்திரம் மட்டும் கண்ணிலேயே படாது. விருச்சிகத்துக்கு மேலே, பாம்பைப் பிடித்து நிற்கிற ஆளாக மேல்நாட்டுக்காரர்கள் வரைகிற கூட்டத்தில் இருக்கிறது. சாதாரணமாக அது நம் குழாய்க்கு எட்டாத மங்கல். ஆனால் பத்து வருஷமோ முப்பது வருஷமோ கழித்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஒரே நாளில் வெறும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பொங்கி எழும். பிறகு மறுபடி தூக்கம். உன் அம்மா அதற்குக் கும்பகர்ணன் என்று பெயர் வைத்தாள். "உங்க கும்பகர்ணன் இன்னிக்காவது முழிச்சானா" என்று சோறு போடும்போதெல்லாம் கேட்பாள். இல்லை என்று எழுதுவதும் அங்கே ஒரு வேலைதான். தெரியவில்லை, அளவு எண் பத்தரைக்கும் மங்கல் என்று ஒவ்வொரு நாளும் எழுதிவைத்தால்தான், எழுந்தபிறகு எப்போது எழுந்தது என்று சொல்ல முடியும். இந்த இடத்தில்தான் நான் கெட்டேன். தினமும் இல்லை என்றே எழுதுகிறவனுக்கு ஒருநாள் முதுகு வலிக்கும். வலித்தது. படுக்கையில் இருந்தபடியே இல்லை என்று எழுதினேன். மறுநாள் பார்த்தேன், நிஜமாகவே இல்லை. அப்படியானால் நேற்று எழுதியதும் சரிதானே என்று தோன்றியது. அப்படியே பழகிவிட்டது வசந்தா. வாரத்தில் ஒருநாள், பிறகு இரண்டு நாள்.

ஐம்பத்தெட்டில் ஆனி மாதக் கடைசி. அந்தச் சனிக்கிழமை மாலை கடைக்கு மதராஸிலிருந்து சரக்கு வருகிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நான் போனது ஒரு சிநேகிதர் வீட்டுக்கு. சீட்டு விளையாட. காசு வைத்து ஆடும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது, ஆனால் மனைவியிடம் பொய் சொல்லிவிட்டுப் போன ஆட்டம்தான். ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்தபோது நீ தூங்கிவிட்டிருந்தாய். வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மாடி ஏறினால் பதினைந்து படி. ஏறவில்லை. சாப்பிட்டுவிட்டு நோட்டை எடுத்து அன்றைய தேதிக்கு நேரே, இரவு ஒன்பது நாற்பது, தெரியவில்லை, பத்தரைக்கும் மங்கல் என்று எழுதி மூடினேன். நிமிஷம் வரைக்கும் எழுதினேன் பார், அதை நினைத்தால்தான் எனக்கு இப்போது உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலையில் நீ பல்கூட விளக்காமல் ஓடிவந்தாய். நேற்று எட்டு மணிக்குப் பார்த்தேன், கும்பகர்ணன் எழுந்துவிட்டான் என்றாய். வேறு எதையோ பார்த்திருப்பாய் என்று நான் சிரித்தேன். மனசுக்குள் சிரிக்கவில்லை. ஞாயிறும் திங்களும் மேற்கே இருந்து மேகம் வந்து மூடிக்கொண்டது. அந்த இரண்டு நாளும் நான் உன் கண் தப்பாக இருக்க வேண்டும் என்று ரங்கநாதரை வேண்டிக்கொண்டேன். பெற்ற பெண்ணின் கண் பொய்யாகட்டும் என்று வேண்டிக்கொண்ட அப்பனை நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? செவ்வாய் மாலை வானம் வெளுத்தது. குழாயைத் திருப்பினால், நட்சத்திர வரைபடத்தில் காலியாக இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளும் சிவப்புமாக அது நின்றுகொண்டிருந்தது. எத்தனையோ பேர் ஆயுசு முழுக்கக் காத்திருந்தும் பார்க்காத காட்சி. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம்.

அப்போதாவது நோட்டில் சனிக்கிழமை வரியை அடித்திருக்கலாம். அந்த மாதத்துத் தாள் இன்னும் யார் கைக்கும் போகவில்லை. ஆனால் புதன்கிழமை காலையில் கல்லூரிக்கு ஓடி, பேராசிரியரிடம் செய்தியைச் சொன்ன வேகத்தில், "சனிக்கிழமைகூட இல்லை சார், நான் பார்த்தேன்" என்று பெருமைக்குச் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவர் அன்று மாலையே நம் வீட்டுக்கு வந்துவிட்டார். நோட்டை விரித்து, அந்த வரியில் விரலை வைத்து, உலகத்தில் வேறு யாரிடமும் இது இருக்காது, எந்த நாளில் எழுந்தது என்று உங்கள் வரியை வைத்துத்தான் சொல்லப்போகிறார்கள் என்றார். நான் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தேன். நீ உள்ளேயிருந்து வரைபடத்தை எடுத்துக்கொண்டு வந்தாய்.

"சார், சனிக்கிழமையே வந்துடுச்சு சார். எட்டு மணிக்கு நான் பார்த்தேன். இதைவிடக் கொஞ்சம் கம்மி, இதைவிட ஜாஸ்தி."

வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் நேரம், இரண்டு ஒப்புமை நட்சத்திரங்கள், உன் எண். பதின்மூன்று வயதுப் பெண் எழுதியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அத்தனை ஒழுங்கு. பேராசிரியர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீங்கள் எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டார். ஒன்பது நாற்பது என்று நோட்டில் இருக்கிறதே, அதையே சொன்னேன். எட்டு மணிக்கு இருந்தது ஒன்பது நாற்பதுக்கு எங்கே போயிருக்கும் என்று அவர் உன்னிடம் பிரியமாகத்தான் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். அவ்வளவு நேரம் நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு அர்த்தம் எனக்கு அன்று விளங்கவில்லை. வரைபடத்தை உன் கையிலிருந்து வாங்கி, மேஜை மேல் கிடந்த ரப்பரால் நீ எழுதியதை அழித்தேன். தூளை ஊதித் தள்ளிவிட்டு, "தப்பாப் பார்த்துட்டேன்னு சார்கிட்ட சொல்லும்மா" என்றேன். நீ சொன்னாய். ஒரு எழுத்து மாறாமல், நான் சொன்ன அதே வார்த்தைகளில். அதற்குப் பிறகு நீ டெலஸ்கோப் பக்கம் வரவே இல்லை. பெரிய பெண்ணாகிவிட்டாள், வெட்கம், படிப்பு என்று நான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உன் அடக்கத்தைப் பற்றி ஊரெல்லாம் பெருமையடித்தவன் நான். கல்லூரியில் சேர்க்கப் போனபோது பௌதிகம் எடுக்கட்டுமா என்று நீ பஸ்ஸில் கேட்டாய், கணக்குத்தான் நல்லது என்றேன், சரிப்பா என்றாய். திருவெள்ளறைப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தபோது தினம் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டுமே என்றேன், உங்கள் இஷ்டம் என்றாய். நல்லவேளை, அன்றைக்கு அம்மா குறுக்கே புகுந்தாள். எதைக் கேட்டாலும் உங்கள் இஷ்டம், உங்களுக்குச் சரி என்றால் சரி. என் பெண் மறுபேச்சு பேச மாட்டாள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவேன். அவர்கள் கண்ணில் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, முன்னே போட்டது தெளிவா, அவசரப்படாமல் சொல்லுங்கள் என்று பத்துத் தடவை கேட்டுக்கொண்டே இந்தப் பெருமையும் பேசுவேன். முன்பின் தெரியாத ஆள் என்ன பார்க்கிறான் என்று கேட்பது என் தொழில். வீட்டில் மட்டும் கடை சாத்தியிருந்தது.

பெண் பார்க்க வந்த அன்று நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் என் வாயால் சொல்லியாக வேண்டும். புத்தூரிலிருந்து அவர்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். பையன் பம்பாயில் வேலை, மரியாதையாகப் பேசினான், அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கல்யாணம் ஆனதும் நீ வேலையை விட்டுவிட்டுப் பம்பாய் போக வேண்டியிருக்கும் என்பதைப் பையனின் அப்பா வெளிப்படையாகவே சொன்னார். சொல்லிவிட்டு, "பொண்ணையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றார். நியாயமான மனுஷன். நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "அதெல்லாம் கேட்டாச்சுங்க, பரிபூரண சம்மதம்" என்றேன். எப்போது கேட்டேன்? அப்போது உள்ளே நீ காபித் தட்டைக் கீழே வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. அதற்கும் ஒரு அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்த பதில்தானே, கேட்டால் அதையேதான் சொல்லப்போகிறாள் என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் பேராசிரியரிடமிருந்து கார்டு வந்தது. அவர் ஓய்வுபெற்றும் பழக்கத்தை விடவில்லை. ஒன்பது வருஷம் கழித்து அது மறுபடி எழுந்துவிட்டது என்று வெளிநாட்டிலிருந்து செய்தி வந்திருக்கிறது, மேற்கே இறங்குவதற்குள் பார்த்து எழுதுங்கள் என்று எழுதியிருந்தார். ஐப்பசி மழையில் வானம் எங்கே திறக்கிறது? இருந்தாலும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய். கார்டை உன்னிடம் நீட்டினேன். படித்தாய். ஒரு புடவையை மடித்து முடித்தாய். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னாய்:

"இந்தத் தடவையாவது பார்த்துட்டு எழுதுங்கப்பா. அன்னிக்கு ஐபீஸ் என் ஜாமெட்ரி பாக்ஸ்லதான் இருந்துச்சு."

ஐபீஸ் என்றால் குழாயின் முனையில் கண் வைத்துப் பார்க்கிற அந்தச் சின்ன வில்லை. அது இல்லாமல் குழாயில் ஒன்றும் தெரியாது. அன்று பார்த்து முடித்ததும், தூசி படாமல் இருக்க நீ அதைக் கழற்றித் துடைத்து உன் பெட்டியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாய். நான் ஒன்பது நாற்பதுக்குப் பார்த்திருக்கவே முடியாது. பேராசிரியர் எதிரில் நீ என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாயே, அப்போதே உனக்கு எல்லாம் தெரியும். உன் அப்பன் பொய்யன் என்று நிரூபிக்க ஒரே ஒரு வாக்கியம் போதும், அது உன் நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொன்னாய். ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன். உங்களுக்கு அசிங்கமாகிவிடுமே என்றாய். சொல்லிவிட்டு மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். உன் கண்ணை நீயே சந்தேகிக்கும்படி செய்துவிட்டேனோ என்று எனக்கு எப்போதாவது ஒரு உறுத்தல் வந்ததுண்டு. அது இல்லையாம். கண்ணால் கண்டதை அப்பாவுக்காக விழுங்கிக்கொள்ள வேண்டும் என்று கற்றுக்கொண்டிருக்கிறாய். அதை உனக்குக் கற்றுக்கொடுத்தது நான். ரப்பர் பிடித்தது என் கை.

அன்றைக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கும்பகர்ணனுக்காக நான் எழுதிய பத்து வருஷ நோட்டுகளையும் எடுத்துவைத்து, எந்த வரியைக் கையடித்துச் சத்தியம் செய்ய முடியும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பல வரிகளில் எனக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவற்றைச் சுமந்துகொண்டு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற பேராசிரியர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு, எது பார்த்தது எது பார்க்காதது என்று உங்களுக்கே தெரியாதபோது நான் எதை நம்புவது, என் பேரிலும்தானே போயிருக்கிறது, மொத்தத்தையும் எடுத்துவிடச் சொல்லி எழுதுகிறேன் என்றார். நியாயம்தான். உன் பெயரில் அந்தச் சனிக்கிழமையைச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அழித்த பென்சிலுக்கு என்ன சாட்சி என்றார். அந்த வரைபடத்தை நோட்டுகளுக்குள்ளிருந்து தேடியெடுத்து அங்கேயே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன் வசந்தா. பென்சில் அழுந்திய தடம் ஒன்றிரண்டு தெரிகிறது, எண் தெரியவில்லை. நீ பார்த்ததை இனி யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. என்னை அடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது. பஸ்ஸில் வரும்போது காவிரிப் பாலத்தில் அழுதுகொண்டு வந்தேன், பக்கத்தில் இருந்தவர் கண்ணில் தூசியா என்று கேட்டார்.

அதை மீட்க முடியாது. இன்னொன்றை மீட்க இன்னும் நேரம் இருக்கிறது, அதனால்தான் இப்படி ஓட்டமும் நடையுமாக எழுதுகிறேன். உனக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ளாதே. அப்படியும் நான் எழுத மாட்டேன். பிடித்திருக்கிறது என்று எழுதியது எப்படிப் பார்க்காமல் எழுதியதோ, பிடிக்கவில்லை என்று எழுதினால் அதுவும் பார்க்காமல் எழுதியதுதான். காபித் தட்டுச் சத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷியின் மனசை அளக்க முடியாது. பம்பாய் உனக்குப் பிடித்திருக்கலாம். அந்தப் பையன் உன்னிடம் கேட்ட ஏதோ ஒரு கேள்வி உனக்குப் பிடித்திருக்கலாம். திருவெள்ளறைப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக மனமில்லாமலும் இருக்கலாம். எது என்று உனக்குத்தான் தெரியும், உனக்கே இன்னும் தெரியாது என்றால் அதையும் தெரியாது என்றே சொல்லலாம். அவசரத்துக்கு ஒரு எண் போட்டு நிரப்பாதே. நாளைக்கு வேறொரு வீட்டில், வேறு மனிதர்கள் நடுவில், நீ கண்டதை யாராவது தப்பு என்று சொல்லும்போது, அவர்களுக்கு அசிங்கமாகிவிடும் என்று விழுங்காதே. அப்பாவுக்காகக்கூட விழுங்காதே, முக்கியமாக அப்பாவுக்காக. சொல்லிவிட்டால் வீடு ஒன்றும் இடிந்து விழாது. விழுந்தாலும் அது ஏற்கெனவே இற்றுப்போன சுவர்தான்.

அம்மாவுக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது, சீட்டாட்டம் உட்பட. நீங்கள் கிளம்பும்போது சொல்லிவிட நினைத்தேன். அந்தத் தைரியம் எனக்கு ஒரு நாளில் ஒரு முறைதான் வரும்போலிருக்கிறது, அதைக் காலையிலேயே செலவழித்துவிட்டேன். எடுத்துவரும் புடவையைப் பார்த்துவிட்டு அவள் முகம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அந்த முகத்தைப் பார்த்து நீ மனசை மாற்றிக்கொள்ள வேண்டாம். சம்மதமில்லை என்று நீ சொன்னால் அவளிடம் பேச வேண்டியது என் பொறுப்பு, அவள் இரண்டு மாதம் என்னோடு பேசாமல் இருப்பாள், இருக்கட்டும். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். மொட்டைமாடியில் குழாய் நிறுத்திய நாள் முதல் அவர்களுக்கு நான் பழகிய விஷயம்தான். சம்மதம் என்றால் அவர்கள் எதிரில் நீயே சொல். எதுவானாலும் உன் குரலில்தான் கேட்க வேண்டும்.

தெருக்கோடியில் பஸ் நிற்கிற சத்தம் கேட்கிறது. நீங்களாக இல்லாமலும் இருக்கலாம், ஆனாலும் சுருக்கமாக முடிக்கிறேன். காலையில் நான் போனது புத்தூருக்கு. பையனின் அப்பா குளித்துவிட்டு நெற்றிக்கு இட்டுக்கொண்டிருந்தார், உட்காரச் சொன்னார். உட்காராமலே சொன்னேன், அன்று என் பெண்ணைக் கேட்டுவிட்டேன் என்று சொன்னது பொய், நான் கேட்கவே இல்லை என்று. அவர் முகம் கறுத்துப்போனது. "நான் அதைத்தானேங்க அன்னிக்குக் கேட்டேன்" என்றார். தலையாட்டினேன். சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, நாளை மாலைக்குள் ஒரு முடிவு வராவிட்டால் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்றார். அதற்கும் தலையாட்டினேன். வாசல் வரைக்கும் கூட வந்தவர், கோபம் கொஞ்சம் தணிந்து, ஒரு அப்பா இன்னொரு அப்பாவிடம் கேட்கிற குரலில் கேட்டார், "சரி, பொண்ணு மனசுல என்னதாங்க இருக்கு?" செருப்பை மாட்டிக்கொண்டே நான் சொன்னேன், "எனக்குத் தெரியாதுங்க." உன் விஷயத்தில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான் வசந்தா. மீதியை நீதான் சொல்ல வேண்டும்.